தகவல் தந்தவர்: பெரியம்மா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. மணி பன்னிரண்டரை. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். குளியலறைக்குப் போகும் வழியில் மட்டும் ஒரு குழல்விளக்கு எரியும். அதன் கீழே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் தூங்கவில்லை என்று யாராவது குறித்துக்கொள்வதற்குள் எழுதி முடிக்க வேண்டும். இங்கே எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள்.

நீயும் மாமாவும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? என் கட்டெறும்பு எப்படி இருக்கிறாள்? குப்புற விழுகிறாளா? பாட்டிலை மறுக்காமல் குடிக்கிறாளா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை போட்டால் வாய் உலர்கிறது. ஆஸ்பத்திரியில் பத்து நாள், இந்தத் தாய்மார் இல்லத்தில் மூன்று வாரம். எட்டுத் தாய்மார் இருக்கிறோம். குழந்தை கூட இல்லாதவர்களுக்கு மணல் நிரப்பிய பொம்மை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தரைக் கிலோ. குளிப்பாட்டுவது, ஏப்பம் விடவைப்பது எல்லாம் அதற்குத்தான். கை மறக்கக்கூடாதாம். அடுத்த கட்டில்காரி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருக்கிறாள். "பாரேன், ஒரு வேலையும் செய்யாது, வாயத் தொறக்காது, ஆனா நம்மளையே பாத்துட்டிருக்கும்" என்கிறாள். எனக்கு அந்தப் பொம்மையின் கண்மீது கொஞ்சம் சந்தேகம்தான்.

எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். நல அலுவலர் போன வாரம் வந்திருந்தார். பேச்சின் நடுவில் போன் வந்து எழுந்து போனார். கோப்பு மேஜைமேல் திறந்தே கிடந்தது. தலைகீழாகப் படிப்பது எனக்குப் புதிதில்லை, கல்லூரித் தேர்வுகளில் பாதியை அப்படித்தான் தாண்டினேன். 'தகவல் தந்தவர்: குழந்தையின் பெரியம்மா' என்று இருந்தது.

என் குழந்தைக்கு ஒரே ஒரு பெரியம்மாதான் இருக்கிறாள், அக்கா.

அந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. நினைவிருப்பது இரண்டுதான். நீலப் பை மாட்டிய ஒரு அம்மா வீட்டுக்குள் நிற்கிறார். வாசற்கதவு விரியத் திறந்திருக்கிறது. பூட்டாமல் நான் உட்கார்ந்ததே கிடையாது. யார் திறந்தது? மாற்றுச்சாவி உன்னிடம் மட்டும்தானே இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைக் கேட்க முடியாது. பத்து நிமிஷமும் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார். கடிதத்தை யாரும் பிரிப்பதில்லை என்கிறார்கள். எதற்கும் உறையின் மடிப்பின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். கோடு விலகியிருந்தால் சொல்.

கட்டெறும்புக்கு முத்தம்.

உன் தங்கை

•

மார்ச் 12

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோடு நேராகத்தான் இருந்தது. நீ பூசிய பசையில் உறையைப் பிரிக்க முடியாமல் கத்தரிக்கோல் தேடினேன். எவனாலும் அதைத் திருட்டுத்தனமாகப் பிரித்திருக்க முடியாது. நாங்கள் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படுகிற பிழைப்பு, வேறென்ன ஆகும்?

கட்டெறும்பு போன செவ்வாய்க்கிழமை குப்புற விழுந்தாள். விழுந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் எங்களைத் திட்டினாள். பால் நூற்றைம்பது மில்லி குடிக்கிறாள். இடது பக்கம் படுத்தால்தான் தூங்குகிறாள். உன் பழைய சாம்பல்நிறச் சட்டையைத் துவைக்காமல் தொட்டில் ஓரத்தில் வைத்திருக்கிறேன். அதை மூக்கில் தேய்த்துக்கொண்டே கண்ணை மூடுகிறாள்.

இந்த வாரம் ஒரு மாணவர், வயது ஐம்பது இருக்கும், வங்கி மேலாளர். திருப்பத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டார். என் பக்கத்துப் பிரேக்கை நான் அழுத்தி வண்டி நின்றது. "நான் சரியான நேரத்துல நிறுத்திட்டேன் பாத்தீங்களா மேடம்?" என்றார். "ஆமா சார், பிரமாதம்" என்றேன். அவர் தைரியத்தை எதற்குக் கெடுக்க வேண்டும்?

படம் வைத்திருக்கிறேன். மாத்திரையை வேளாவேளைக்குப் போடு. வாய் உலர்ந்தால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடி. உன் கப்பல்காரர் துறைமுகத்திலிருந்து பேசினார். ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்து வர முடியவில்லை என்று அழுதார். ஆகஸ்டில் வந்துவிடுவார்.

அக்கா

•

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று தெரிந்து நிம்மதி. நான் நலமே.

படத்தைப் பத்துத் தடவை பார்த்தேன். முதல் மூன்று தடவை குழந்தையைப் பார்த்தேன். அப்புறம் சுவரைப் பார்த்தேன். அது உங்கள் வீட்டுப் பின்னறைதானே? மாமாவின் பழைய சைக்கிளும் பெட்டிகளும் கிடந்த அறை? மஞ்சள் வண்ணம் எப்போது அடித்தீர்கள்? ஜன்னலுக்குக் கம்பிவலை, மரத்தொட்டில். அந்தத் தொட்டில் மூன்று வயது வரைக்கும் தாங்கும். மூன்று மாத ஏற்பாட்டுக்கு யாராவது சுவருக்கு வண்ணம் அடிப்பார்களா?

வார்டன் சொன்னார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழை நீ கேட்டு வாங்கினாயாம். எதற்கு?

நான் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தில் பதிலே இல்லை. குப்புற விழுந்தது, பால், வங்கி மேலாளர், என் கப்பல்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். அது மட்டும் இல்லை. உனக்குப் பொய் சொல்ல வராது. பேச்சை மாற்றத்தான் வரும். சின்ன வயதில் என் பேனாவைத் தொலைத்துவிட்டு மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாயே, அந்த மாதிரி.

கூப்பிட்டது நீயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

உன் தங்கை

•

ஏப்ரல் 4

சின்னவளுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

பதில் தாமதமாகிவிட்டது. குழந்தைக்கு மூன்று நாள் சளி, இப்போது சரியாகிவிட்டது. தடுப்பூசி போடச் சான்றிதழ் கேட்டார்கள், அதனால்தான் வாங்கினேன். பழைய சுவரில் பூஞ்சை இருந்தது, அதனால் வண்ணம். தொட்டில் பக்கத்து வீட்டில் கொடுத்தது.

ஆம். நான்தான் கூப்பிட்டேன்.

அக்கா

•

ஏப்ரல் 7

அக்காவுக்கு,

குசலம் விசாரிக்க மனசு வரவில்லை.

ஒரு வரி. 'ஆம். நான்தான்.' மன்னிப்புக்கூட இல்லை. ஏன் என்ற விளக்கமும் இல்லை. மின்சாரக் கட்டணம் கட்டியாச்சு என்பது மாதிரி எழுதியிருக்கிறாய்.

என்னிடம் வந்து, "ஏய், உனக்கு உடம்பு சரியில்ல, வா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்துக்கூட இழுத்துப் போயிருக்கலாம். யாரோ ஒரு அலுவலகத்துக்குப் போன் போட்டு, நீலப் பையோடு ஆளை அனுப்பி, சாவியால் கதவையும் திறந்துவிட்டு, என் பிள்ளையை என் மடியிலிருந்து எடுக்கவைத்தாய். எடுத்த பிள்ளையை அன்றைக்கே யார் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள்? பிள்ளைக்காகப் பதினோரு வருஷம் காத்திருந்ததற்குக் கைமேல் பலன்.

இங்கே பொம்மைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கிறேன். நீ என் சட்டையைத் தொட்டிலில் வைத்து என் வாசனையைக்கூட உனக்கு வேலைக்கு வைத்திருக்கிறாய்.

நல அலுவலரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டேன். குழந்தையை உன்னிடம் வைத்திருக்கக்கூடாது, வேறு வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க வேண்டும் என்று. மே 11-ஆம் தேதி குழு உட்கார்ந்து முடிவெடுக்கும். ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தங்கை

•

ஏப்ரல் 20

என் சின்னவளுக்கு,

இரண்டு ஞாயிறாகப் போன் வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று வார்டனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தூங்குகிறாய் என்றார். அது போதும்.

நல அலுவலர் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் விசாரித்தார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை, எனக்கும் இல்லை. உன் ஆட்சேபத்தை மறுக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டேன். மாமாதான் வாசலில் நின்று, "ஏங்க, நாங்க என்னங்க தப்பு பண்ணோம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் இல்லையென்றால் கொடுப்பதற்கு ஒரு குடும்பம் பார்த்து வைத்திருக்கிறார்களாம். உன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில், நல்ல மனிதர்கள் என்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் அங்கே வளர்கிறார்கள். அந்த அம்மாவுக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதியிருக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் நீ சேர்க்கலாம் என்று இங்கேயும் எழுதுகிறேன்:

பால் கொடுக்கும்போது அவளுக்குக் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுண்டுவிரலைக் கொடுத்தால் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கிறாள். மிக்ஸி சத்தத்துக்குப் பயம், பிரஷர் குக்கர் சத்தத்துக்குச் சிரிப்பு. அழுகை இரண்டு விதம். இழுத்து அழுதால் பசி. விட்டுவிட்டு அழுதால் அது அழுகையே இல்லை, ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கிறாள். "இருக்கேன்டி" என்று அடுத்த அறையிலிருந்து சொன்னால் போதும். சாம்பல்நிறச் சட்டையைத் துவைக்கக்கூடாது. அம்மா படத்தைக் காலையிலும் சாயங்காலமும் காட்ட வேண்டும். "அம்மா" என்று அந்தப் படத்தைத்தான் சொல்ல வேண்டும், வேறு யாரையும் சொல்லக்கூடாது.

இங்கே அப்படித்தான் நடந்தது. என்னை அவளிடம் 'பெரி' என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும், அந்தப் போனைப் பற்றி அவர்களிடம் கிளறாதே. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

அக்கா

•

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நான் நலம். நேற்று எட்டு மணி நேரம் தூங்கினேன், அதையும் குறித்துக்கொண்டார்கள்.

உன் தாளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வலது காதின் பின்பக்கம் மெதுவாகத் தடவினால் விக்கல் நிற்கும்.

கிளறாதே என்று ஏன் எழுதினாய்? அந்த வரியைப் படித்ததிலிருந்து அதைத் தவிர வேறு எதுவும் எனக்குள் ஓடவில்லை. அடுத்த கட்டில்காரியிடம் சொன்னேன். "தப்பு பண்ணவ 'மன்னிச்சுக்கோ'ன்னு சொல்லுவா, இல்ல 'நீதான் காரணம்'னு சண்டைக்கு வருவா. உங்க அக்கா ரெண்டுமே பண்ணல. ஏதோ மூடி வைக்கிறாங்க" என்றாள்.

எத்தனை மணிக்குக் கூப்பிட்டாய்? என்ன சொன்னாய்?

தங்கை

•

ஏப்ரல் 28

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நேற்று முதல் பல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கீழ்வரிசை, நடுவில். காதுக்குப் பின்னால் தடவினேன், விக்கல் நின்றது.

சாயங்காலம்தான் கூப்பிட்டேன். கடைசி மாணவரை இறக்கிவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே. உனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன், அவ்வளவுதான். முடிந்துபோன கதை. கோப்பையெல்லாம் கேட்டு வாங்கிப் படித்துக்கொண்டிருக்காதே. பதினொன்றாம் தேதிக்கு மனசைத் திடமாக வைத்துக்கொள்.

அக்கா

•

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் நேரங்கெட்ட நேரம். அதே நாற்காலி, அதே குழல்விளக்கு. இரவுப் பணியாளர் கடந்து போகும்போது பார்த்தார், குறித்துக்கொள்ளவில்லை. "சீக்கிரம் படும்மா" என்று மட்டும் சொன்னார்.

உன் முதுகு எப்படி இருக்கிறது? மாமா எப்படி இருக்கிறார்? வாசலில் நின்று அவர் கேட்டது இன்னும் எனக்குக் கேட்கிறது. அவரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோப்பைப் படித்துவிட்டேன். குழு உட்காருவதற்கு முன்னால் தாய்க்குப் படித்துப்பார்க்கும் உரிமை உண்டு; கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அழைத்தவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதியாம். அதைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்.

'காலை 5.20. பெண் குரல், மிக மெதுவாக. நான் குழந்தையோட பெரியம்மா பேசறேன். என் தங்கச்சி ஒம்பது நாளா தூங்கல. குழந்தை அழுதுட்டே இருக்கா. மார்ல பால் கட்டி கல்லு மாதிரி நிக்குது, ஆனா தூக்க பயமா இருக்கு. கை வேற யாரோட கையோ மாதிரி இருக்கு. கதவத் தொறந்து வெச்சிட்டேன். கதவுகிட்டயே உக்காந்திருக்கேன், உள்ள போக மாட்டேன். யாராவது சீக்கிரம் வாங்க.'

கீழே பெரியம்மாவின் போன் எண் என்று உன் எண். என் செல்போன் இல்லாமல் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்.

மூன்றாவது வரி வரைக்கும் உன்மேல் ஆத்திரத்தோடுதான் படித்தேன். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். மார்பில் பால் கட்டியது என்று நீ எப்படிச் சொல்லியிருப்பாய், அக்கா? உனக்கு ஏது பால்? இதை எழுதக் கை கூசுகிறது. பதினோரு வருஷம் என்று நான் எழுதியது ஞாபகம் வருகிறது.

அதன் பிறகு கொஞ்சம் நினைவு வந்தது. தரை ஜில்லென்று இருந்தது. கதவு வழியாகப் படிக்கட்டு விளக்கு தெரிந்தது. போன் சூடாக இருந்தது. உன் பெயரைச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நினைத்திருப்பேனோ, அல்லது அந்த நேரத்தில் உன்னைப் போல இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. யார் கதவைத் திறந்தது என்று இரண்டு மாதமாக எல்லோரையும் சந்தேகப்பட்டேன். உன்னை, மாமாவை, வார்டனை, ஒரு மணல் பொம்மையை. சந்தேகப்படாமல் விட்டது ஒரே ஒருத்தியைத்தான்.

அடுத்த பக்கத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. அன்றைக்குக் காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிட்டு, "நீங்கதானே தகவல் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அவர்கள் சொல்லித்தான் உனக்கே விஷயம் தெரிந்திருக்கும். அந்த ஒரு நொடியில் உனக்கு எப்படித் தோன்றியது?

ஏன் என்று வார்டனைக் கேட்டேன். உன் பெயரைச் சொல்லாமல், சும்மா சட்டம் கேட்பது போல. அவர் படிவத்தைக் காட்டினார். இரண்டு கட்டம். ஒன்று, 'உறவினர் தகவல்'. இன்னொன்று, 'தாயே ஒப்படைப்பு'. "ரெண்டாவதுல டிக் விழுந்துட்டா பிள்ளையத் திருப்பி வாங்கறது லேசுப்பட்ட காரியம் இல்லம்மா. அம்மாவே வேணாம்னு குடுத்த மாதிரி ஆயிடும். புதுசா மனு போட்டு, வருஷக்கணக்குல இழுக்கும்" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உதவி கேட்டதுக்கும் ஒப்படைச்சதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு குழுவுக்கு எடுத்துச் சொன்னா கேப்பாங்க. முன்னாடி ஒரு பொண்ணுக்குக் கேட்டாங்க, இன்னொரு பொண்ணுக்குக் கேக்கல" என்றார். எதையும் குறித்துக்கொள்ளாமல் பேனாவை மூடி வைத்தார். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆட்சேபத்தை இன்று சாயங்காலமே திரும்பப் பெற்றுவிட்டேன். ஆனால் குழந்தை உன்னிடமே இருக்க வேண்டுமென்றால் நீ புதிதாகச் சம்மதம் எழுதித் தர வேண்டுமாம், ஏனென்றால் மறுக்கப் போவதில்லை என்று நீ சொன்னதும் பதிவாகியிருக்கிறது. பதினொன்றாம் தேதிக்கு முன்னால் அது வந்து சேராவிட்டால் நடுவூர்க் குடும்பத்துக்குப் போய்விடுவாள். அவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் அவள் விட்டுவிட்டு அழும்போது அடுத்த அறையிலிருந்து வரும் குரல் வேறாக இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பக்கம். அன்று காலை கூப்பிட்டது நான்தான், பிள்ளை வேண்டாம் என்று கூப்பிடவில்லை, என் கைக்கு அவள் தப்ப வேண்டும் என்று கூப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கொடுத்தால் நீ போட்ட கையெழுத்து பொய்க் கையெழுத்தாகிவிடும். கொடுக்காவிட்டால், பிள்ளை வளர்ந்து ஒருநாள் இந்தக் கோப்பைப் பார்க்கும்போது, பெரியம்மாதான் தன்னைப் பிரித்தாள் என்று படிப்பாள். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆனால் உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு தடவை எடுத்துவிட்டேன். இரண்டாவது தடவை எடுக்க மாட்டேன்.

அந்த வங்கி மேலாளர் லைசென்ஸ் வாங்கினாரா? அவர் வண்டியை நிறுத்தியது உன் கால்தான் என்று யாராவது அவரிடம் சொன்னார்களா?

உறையில் கோடு போடவில்லை. யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கட்டும். நம்மூர் தபாலுக்கு மூன்று நாள் பிடிக்கிறது. தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பதில் எழுது.

உன் சின்னவள்